மாலே இல்லாத மாலத்தீவு

மாலத்தீவுக்கு ஆள் பிடிக்கும் டிராவல்ஸ் பிரசுரங்களை நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டு வரிசையாக வாசித்துப் பாருங்கள். எல்லாமே ஒரே ஆள் எழுதிய மாதிரி இருக்கும். மூன்று இரவு, நான்கு பகல். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மர வீடு. படுக்கையறையிலிருந்தே தண்ணீரில் இறங்க ஒரு ஏணி. ஒரு தொப்பி, ஒரு இளநீர், பின்னால் முழுக்க நீலம். காலைச் சிற்றுண்டி இலவசம். புதுமணத் தம்பதி என்றால் கேக்கும் இலவசம். பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், 'வரிகள் தனி.'

பயணத் திட்டம் இன்னும் விசேஷம். முதல் நாள்: மாலே வந்து சேர்தல், ஸ்பீட் போட்டில் ரிசார்ட் செல்லுதல். கடைசி நாள்: ரிசார்ட்டிலிருந்து மாலே, விமானம். முடிந்தது. ஒரு நாட்டின் தலைநகரத்துக்கு மொத்தமே இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் பொய் என்பது அடுத்த விஷயம். விமானம் மாலேயில் இறங்குவதே இல்லை. பக்கத்தில் ஹுல்ஹுலே என்று தனியாக ஒரு தீவு. ஓடுபாதைக்கு மட்டுமே இடம் போதுமான ஒல்லித் தீவு. அங்கேதான் வேலானா சர்வதேச விமான நிலையம். வாசலிலேயே படகுத்துறை. இறங்கி, பெட்டியை எடுத்து, படகில் ஏறிப் போய்விடலாம். மாலேயை மிதிக்காமலே மாலே வந்து, மாலேயைப் பார்க்காமலே மாலேயிலிருந்து திரும்பிவிடுகிறோம்.

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். புது ஓட்டலின் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். ஒரு குடும்பத்தின் ஒரு வருஷச் சேமிப்பைக் காலி பண்ணக்கூடிய இந்த எட்டுப் பக்க வழவழத் தாளை மட்டும் யாரும் விமரிசிப்பதில்லை. இந்த வாரம் அதைச் செய்துவிடலாம்.

முதலில் கோஷம். 'வாழ்க்கையின் வெயில் பக்கம்' என்று தமிழில் சொல்லலாம். மாலத்தீவு சுற்றுலாத்துறை பல வருஷமாக உலகமெங்கும் இதைச் சொல்லித்தான் கூவியது. ஆறு மாசம் சூரியனைப் பார்க்காத ஜெர்மன்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும் வெயில் என்றால் பண்டிகை. மே மாசம் வேலூரில் பஸ்ஸுக்கு நின்றவனிடம் போய் வெயில் பக்கம் வா என்றால் என்ன செய்வான்? நமக்கு நல்ல வார்த்தை நிழல்தான். ஆனால் நம்மூர் டிராவல்ஸ்காரர்களும் அதே வாசகத்தை அப்படியே அச்சடித்தார்கள். யாருக்கோ எழுதியதை நமக்கு விற்கிறார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

கோஷத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வெயில் பக்கம் என்று ஒன்று இருந்தால் நிழல் பக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டுமே? அது எங்கே?

சுமார் இரண்டு சதுர கிலோமீட்டரில் இருக்கிறது. மாலேயைக் காலாற நடந்தே சுற்றி வந்துவிடலாம், ஒன்றரை மணி நேரம். அதற்குள் நாடாளுமன்றம், அதிபர் மாளிகை, பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிகள், துறைமுகம், மீன் மார்க்கெட், எட்டு பத்து மாடிக் கட்டடங்கள், எண்ணி மாளாத மோட்டார் சைக்கிள்கள். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் வசிப்பவர்கள் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் பத்துக்கு நாலு பேர் மாலேயிலும், பாலத்தால் இணைந்த ஹுல்ஹுமாலே உள்ளிட்ட அதன் ஒட்டுத் தீவுகளிலும். 1,192 தீவுகள் இருக்கிற நாடு. மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் காலி என்று நினைக்காதீர்கள். நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளில் ரிசார்ட்டுகள் இருக்கின்றன. அரசாங்கக் கணக்கில் அவை காலாகாலமாக 'குடியிருப்பில்லாத தீவுகள்' வகை. நூற்றுக்கணக்கான பேர் அங்கே சமைத்து, பெருக்கி, படகோட்டி, தூங்கி எழுந்தாலும் சட்டப்படி அங்கே குடி யாரும் கிடையாது. குடியில்லாததால் குடிக்கலாம்! சிலேடைக்குச் சொல்லவில்லை. சட்டமே அதுதான். மாலேயில் ஒரு பீர்கூடக் கிடைக்காது. படகில் கால் மணி நேரம் தள்ளியிருக்கும் ரிசார்ட்டில் எல்லாமே ஓடும்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை, போட்டுச் செய்தது. சுற்றுலா ஆரம்பமான வருஷம் 1972. முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர். நம்முடைய 'குரும்பை'யை ஞாபகப்படுத்துகிறதா? அங்கே மரக்கலத்தின் பெயரும் தோணிதான். ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்பது கொள்கையாயிற்று. 1980-களில், மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற விடுதிகளுக்குத் தடை வந்தது. டூரிஸ்ட் தனி, ஜனங்கள் தனி. 2009-ல் முகமது நஷீத் ஆட்சியில்தான் அந்தத் தடை விலகி, சின்னத் தீவுகளில் சாதாரண ஜனங்கள் லாட்ஜ் நடத்த வழி பிறந்தது.

சும்மா சொல்லக்கூடாது, இந்தக் கொள்கைக்கு நல்ல பலனும் உண்டு. தீவுக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தாமல் விட்டிருந்தால் கட்டடம் கட்டியே கடலோரத்தைத் தீர்த்திருப்பார்கள். நம்மூர் மலைவாசஸ்தலங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முழுக்க முஸ்லிம் நாடு, கட்டுப்பெட்டியான கிராமங்கள். அங்கே திடீரென்று நீச்சல் உடைக் கூட்டம் இறங்கினால் என்னவாகும் என்ற பயத்திலும் நியாயம் இருந்தது. கொள்கையை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு விளம்பரத்தில் நாட்டையே ஒளித்துவைக்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

பி.காம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கைப் பார்த்தால் கை அரிக்கும். ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று இருந்தே தீரும். ரிசார்ட் பிரசுரம் என்பது வரவுப் பக்கத்தை மட்டும் கலரில் அச்சடித்த பேரேடு. பற்றுப் பக்கம் மாலேயில் இருக்கிறது.

உதாரணம், குப்பை. நீங்கள் குடித்துப் போட்ட பாட்டில் எங்கே போகிறது? மாலேக்கு மேற்கே திலஃபுஷி என்று ஒரு காயல். 1990-களின் ஆரம்பத்திலிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டி அதைத் தீவாகவே ஆக்கிவிட்டார்கள். மாலேயின் குப்பையோடு ரிசார்ட்டுகளின் குப்பையும் அங்கே போயிற்று. வருஷக்கணக்காக அது எரிகிற புகை தலைநகரத்திலிருந்தே தெரிந்தது. ரிசார்ட் மெத்தையிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்து சாப்பாடு. மீனும் தேங்காயும் தவிர அநேகமாக எல்லாமே கப்பலில் வருகிறது. உங்கள் தட்டில் இருக்கும் தக்காளி, கேக்கில் இருக்கும் மைதா எல்லாம்தான். கணிசமான பங்கு இறங்குவது மாலே துறைமுகத்தில். வடக்குக் கரையில் போய் நின்றால் மூட்டைகளும் வாழைத்தார்களும் தோணிகளில் மாறி ஏறுவதைப் பார்க்கலாம். இலவசச் சிற்றுண்டியின் வழித்தடம் அது.

அடுத்தது தண்ணீர். 2014 டிசம்பர் 4-ம் தேதி மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தது. ஆறு இல்லை, ஏரி இல்லை, நிலத்தடி நீர் எப்போதோ கெட்டுவிட்டது. அந்த ஒரு ஆலையை நம்பி ஒரு லட்சம் பேர். குழாய்கள் வறண்டன. கடைகளில் பாட்டில் தண்ணீருக்கு அடிதடி. இந்திய விமானப்படை விமானங்கள் தண்ணீரைச் சுமந்துகொண்டு பறந்தன, கடற்படைக் கப்பலும் போயிற்று. அதே நேரம் ரிசார்ட்டுகளில்? ஒவ்வொன்றிலும் சொந்தமாக ஆலை. அங்கே பிரச்னை இல்லை. அந்த வாரம் தேனிலவுக்குப் போன ஜோடிக்கு, தாங்கள் இருக்கும் நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்பதை ஊரிலிருந்து மாமனார் போன் பண்ணிச் சொல்லியிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

ஆக, பில்லின் அடியில் பொடி எழுத்தில் வருகிற 'வரிகள் தனி' இருக்கிறதே, அதுதான் மாலே. 2025 ஜூலை முதல் சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவிகிதம். அதற்கு மேல் பசுமை வரி, பெரிய ரிசார்ட் என்றால் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். இந்தப் பணத்தில்தான் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடக்கின்றன. காசைக் கொடுத்துவிட்டு, என்னத்துக்குக் கொடுத்தோம் என்று பார்க்காமல் வருவது எந்த ஊர் நியாயம்?

மாலேயில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, முதலில் ஒரு வேடிக்கை. உலகத்திலேயே அழகான கடற்கரைகளை விற்கிற நாட்டின் தலைநகரத்தில் பெயர் சொல்ல இயற்கையான கடற்கரை கிடையாது. கிழக்கே ஒன்று இருக்கிறது. அதன் பெயரே செயற்கைக் கடற்கரை. மண் கொண்டுவந்து போட்டது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து, பெண்கள் முழு உடையோடு குழந்தைகளைத் தண்ணீரில் இறக்கி விளையாடுவார்கள். நீச்சல் உடை அங்கே ஆகாது. மற்ற இடமெல்லாம் சுவர். 1987-ல் பேரலைகள் ஊருக்குள் புகுந்தபோதுதான் தலைநகரம் எவ்வளவு தாழ்வு என்று உறைத்தது. ஜப்பான் உதவியோடு சுற்றிலும் கடற்சுவர் எழுப்பினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாடு முழுக்க நூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். மாலேக்குள்ளும் தண்ணீர் வந்தது. ஆனால் அந்தச் சுவர் இல்லாவிட்டால் நிலைமை வேறு. அந்தச் சுவரோரம் பத்து நிமிஷம் நடந்தால், கடல் மட்டம் உயர்வது பற்றி அவர்கள் ஏன் உலக மேடைகளில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்பது புரியும். 2009 அக்டோபரில் மந்திரி சபையே நீர்மூழ்கிக் கருவியோடு கடலுக்கடியில் உட்கார்ந்து கூட்டம் போட்டதைப் பார்த்து நாம் சிரித்தோம். சுவரோரத்தில் நின்றால் அவ்வளவு சிரிப்பு வராது.

அப்புறம் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். 1658-ல் பவளக்கல்லில் கட்டியது. கல்லை மரம் மாதிரி இழைத்து, ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். மெக்கா திசைக்கும் கட்டடத்தின் திசைக்கும் பொருந்தாது. அதற்கு முன் அங்கிருந்த கோயிலின் அடித்தளத்தின் மேல் எழுப்பியதால் என்று சொல்வார்கள். தொழுகிறவர்கள் மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். சுற்றிலும் கல்லறைகள். மேலே கூராக இருந்தால் ஆண், வளைவாக இருந்தால் பெண். 1153-ல் நாடு இஸ்லாத்துக்கு மாறிய கதையின் நாயகரான யூசுஃப் அல் பர்பரியின் அடக்கஸ்தலமும் பக்கத்திலேயே. 1343 வாக்கில் இந்த ஊருக்கு வந்து, காஜியாகப் பதவி பார்த்து, நாலைந்து கல்யாணம் செய்துகொண்டு, பெண்கள் சரியாக உடுத்துவதில்லை என்று புலம்பிவிட்டுப் போன இபின் பதூதா, அடுத்து போனது இலங்கை, அதற்கடுத்து மதுரை. அவர்கூட மாலேயைத் தவிர்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகவில்லை!

மீன் மார்க்கெட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பார்க்க வேண்டும். சூரை மீன் வரிசை வரிசையாகக் கிடக்கும். வலை போட்டு அள்ளுவது இல்லை. ஒரு தூண்டில், ஒரு மீன். நம் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் மாசிக் கருவாடு என்று கட்டையாகக் கிடைக்குமே, அந்தச் சரக்குக்குப் பேர் போன நாடு இது. திவேஹியில் 'மஸ்' என்றால் மீன். காலையில் அதைத் தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள். பெயர் மஸ் ஹுனி. நல்ல பசியில் ரெண்டாவது தட்டு கேட்கத் தோன்றும்.

தேசிய அருங்காட்சியகத்தை 2010-ல் சீனா கட்டிக் கொடுத்தது. 2012 பிப்ரவரி 7, நஷீத் பதவி விலகிய அன்று, ஒரு கும்பல் உள்ளே புகுந்து ஏறத்தாழ முப்பது பௌத்தச் சிலைகளை உடைத்தது. இஸ்லாத்துக்கு முந்தைய ஆயிரம் வருஷச் சரித்திரத்தில் கையில் மிஞ்சியிருந்ததில் பெரும்பகுதி ஒரு காலையில் போயிற்று. அங்கிருந்து ரெண்டு எட்டில் சுல்தான் பூங்கா. 2007 செப்டம்பரில் அதன் வாசலில் குண்டு வெடித்து 12 வெளிநாட்டுப் பயணிகள் காயமடைந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாலே சாந்தமான ஊர்தான். பிரசுரத்தில் இருக்கிற நாடு ஒரு போஸ்டர். மாலேயில் இருக்கிற நாட்டுக்கு மதம், அரசியல், கோபம், பதவிச் சண்டை எல்லாம் உண்டு, நம்முடையதைப் போலவே. 1988 நவம்பர் 3-ம் தேதி, உள்ளூர் வியாபாரி ஒருவருக்காக ஆட்சியைக் கவிழ்க்க வந்திறங்கிய கூலிப்படையினர் இலங்கையின் பிளாட் இயக்கத்துத் தமிழர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? அன்று ராத்திரி இந்தியப் படை வந்து இறங்கியது இதே ஹுல்ஹுலே ஓடுபாதையில். இன்றைக்கு நாம் தொப்பியோடு இறங்குகிற அதே இடம். மாலே தெருவில் அந்தத் தேதியை யாரும் மறக்கவில்லை. அன்றுதான் அவர்களுக்கு வெற்றி நாள்.

ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் (அங்கே பெயர் 'ஹோட்டா') ஒரு நாகர்கோவில் பக்கத்துக்காரர் பேச்சுக் கொடுத்தார். கணக்கு வாத்தியார். நம்மூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்களும் நர்ஸுகளும் போய் வேலை பார்க்கிற நாடு அது.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க சார்?"

"பதினோரு வருஷம் ஆச்சு. முதல்ல வடக்க ஒரு சின்னத் தீவு. மொத்தமே அறுநூறு பேரு. இப்பம் மாலே."

"ரிசார்ட்டெல்லாம் பார்த்திருப்பீங்களே?"

சிரித்தார். "பெரிய ரிசார்ட்டுல ஒரு நாள் வாடகையில எங்க வீட்டு ஒரு மாச வாடகை போயிரும், பாத்துக்கிடுங்க. எங்கிட்டப் படிச்ச பயலுவ நாலஞ்சு பேரு அங்கதான் வேலை பாக்கானுவ. லீவுக்கு இங்க வருவானுவ. அவனுவளப் பாத்தா ரிசார்ட்டப் பாத்த மாதிரிதானே சார்?"

அவர் சொன்னதில் அந்த நாட்டின் போக்குவரத்தே அடங்கிவிட்டது. படிப்புக்கும் வைத்தியத்துக்கும் தூரத்துத் தீவுக்காரர்கள் மாலேக்கு வருகிறார்கள். ஒரு அறையை நாலு பேர் பகிர்ந்துகொண்டு வாடகை கட்டுகிறார்கள். பையன் ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்கு அது 'குடியில்லாத தீவு'. லீவு விட்டால் மாலே. நமக்குக் கட்டில் விரித்துப் போட்டுப் பூவில் இதயம் வரைந்து வைத்தவன் எந்த ஊர்க்காரன், அவன் அம்மா எங்கே இருக்கிறாள் என்று பார்க்க வேண்டுமானால் ஒரே இடம் மாலேதான்.

இதெல்லாம் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நியாயம்தான். கல்யாணமான புதிதில் கணக்குப் பார்க்கவா போகிறார்கள்? ஆனால் குடி கொஞ்சம் முழுகத்தான் செய்தது. 2024 ஜனவரியில் லட்சத்தீவில் பிரதமர் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. மாலத்தீவின் துணை மந்திரிகள் மூன்று பேர் கன்னாபின்னாவென்று எழுதினார்கள். அவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். அதற்குள் இங்கே 'மாலத்தீவைப் புறக்கணி' என்று ஒரு அலை. 2023-ல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் போய், வந்தவர்களில் முதலிடம் நாம்தான். 2024-ல் அது ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரமாக விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் அவர்களுக்கு வந்த மொத்தக் கூட்டம் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. போட்டி போட்டுக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்தவர்கள், அதற்கு முந்தைய வருஷம் அதே நாட்டின் மணலில் இதயம் வரைந்து போட்டோ போட்டவர்கள். ரெண்டு தடவையும் அவர்கள் பார்த்தது கடற்கரையைத்தான். எதிலே கோபித்துக்கொண்டோம்? நாட்டிடம் என்றால், நாட்டைத்தான் பார்க்கவே இல்லையே!

'இந்தியாவே வெளியேறு' என்று கோஷம் எழுந்தது எந்த ரிசார்ட்டிலும் இல்லை, மாலேயின் தெருக்களில். அந்த அலையில் 2023-ல் அதிபரான முய்சு அதற்கு முன் இரண்டு வருஷம் மாலேயின் மேயர். விமான நிலையத் தீவையும் மாலேயையும் இணைக்கிற சினமாலே பாலம் சீன உதவியோடு 2018 ஆகஸ்டில் திறந்தபோது வீட்டுவசதி மந்திரி. பாலத்தில் டாக்ஸியில் ஒரு தரம் போய் வந்தவனுக்கு, சீனா ஏன் அங்கே செல்லப்பிள்ளை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதுவரை தோணிக்குக் காத்திருந்த ஜனங்கள் இப்போது நடுராத்திரியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நம்முடைய தண்ணீர் ஒரு வாரம் வந்தது. அவர்கள் பாலம் தினமும் கண்ணில் படுகிறது. இதை ஒப்புக்கொள்ள நமக்குக் கசக்கும். கசந்தாலும் பார்த்துத் தெரிந்துகொள்வது, பார்க்காமல் பொங்குவதைவிட மேல்.

நியாயத்துக்கு இன்னொரு வகைப் பிரசுரத்தையும் சொல்ல வேண்டும். 'மாலே அரை நாள் சுற்றுலா'. ரிசார்ட்டிலேயே காசு கட்டினால் படகில் கொண்டுவருவார்கள். பள்ளிவாசல் வாசலில் ஒரு போட்டோ, மீன் மார்க்கெட்டில் ஒரு போட்டோ, சாந்தனீ மகு தெருவில் கைவினைக் கடையில் ஒரு மணி நேரம். பழைய ஆட்கள் அந்தத் தெருவை சிங்கப்பூர் பஜார் என்பார்கள். பெயருக்கேற்ப, விற்கிற மரச்சாமானில் கணிசமானது வெளிநாட்டுச் சரக்கு. மூணு மணி நேரத்தில் மறுபடி படகு. மிருகக்காட்சி சாலைக்கு வந்த மாதிரி வந்து போவதைவிட வராமலே இருக்கலாம். இதில் மாலே ஒரு 'ஐட்டம்'. ஊர் இல்லை. ஊர் தெரிய வேண்டுமானால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். மக்ரிப் தொழுகைக்குக் கடையெல்லாம் கதவைச் சாத்திவிட்டுத் திறப்பதைப் பார்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கடற்சுவரில் வரிசையாக உட்கார்ந்து காற்று வாங்குகிற குடும்பங்களோடு நாமும் உட்கார வேண்டும். வீட்டுக்குள் இடமில்லாத ஊரில் அந்தச் சுவர்தான் திண்ணை.

அழகான ஊரா என்றால், இல்லை. ஓட்டல் அறை குறுகல். பைக் சத்தம் தாங்காது. வெயிலுக்கு ஒதுங்க மரம் கம்மி. டாலருக்கு பாங்கில் ஒரு விலை, வெளியே ஒரு விலை. குடிக்கக் கிடைப்பது காபியும் பழச்சாறும். 'ரொமான்ஸ்' என்ற சமாசாரம் மருந்துக்கும் கிடையாது. இதையெல்லாம் மறைத்து மாலேயைப் புதுசாக ஒரு சொர்க்கமாக விற்க ஆரம்பித்தால், நான் விமரிசிக்கிற பிரசுரத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதைச் சொர்க்கமாகப் பார்க்க வேண்டாம். சொர்க்கத்துக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும்.

அதுவும் ரிசார்ட்டுக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் இல்லை. பின்னால் என்றால் ஊர் திரும்புகிற அவசரம், மனசு விமானத்தில் இருக்கும். முன்னால் ஒரு நாள் மாலேயில் இருந்துவிட்டுப் போனால் ரிசார்ட்டே வேறு மாதிரி தெரியும். குழாயைத் திறந்தால் 2014 ஞாபகம் வரும். பாட்டிலைத் தூக்கிப் போடுமுன் திலஃபுஷி ஞாபகம் வரும். மஸ் ஹுனி பரிமாறுகிற பையனிடம் "மாலேயில் எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை பிளாஸ்டிக்காக இருந்த முகம் சட்டென்று மனுஷ முகமாகிவிடும்.

செலவு? ஒன்றும் பெரிதாகக் கூடாது. விமான டிக்கெட் அதேதான். மாலேயில் ஒரு ராத்திரி அறை வாடகை, பெரிய ரிசார்ட்டின் ஒரு ராத்திரியில் சின்னப் பங்கு. தவிர, தூரத்து ரிசார்ட்டுகளுக்குப் போகிற கடல் விமானங்கள் பொழுது சாய்ந்தால் பறக்காது. சாயங்கால விமானத்தில் இறங்குகிறவர்கள் எப்படியும் ஒரு ராத்திரி அங்கே முடங்கியாக வேண்டும். டிராவல்ஸ்காரர் அதை ஏதோ தண்டனை மாதிரி, "ஒரு நைட் வேஸ்ட் ஆகும் சார், காலைல போற ஃப்ளைட்டுல போட்டுடறேன்" என்பார்.

அப்போது சொல்லுங்கள்: "வேண்டாங்க, அந்த நைட்டையும் சேர்த்தே போடுங்க. மறுநாள் பகலும் மாலேயிலதான்."

விநோதமாகப் பார்ப்பார். பரவாயில்லை.